யாருக்காக இந்த வேதியியல்? டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை



நம் சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது கல்லூரி நாட்களின் வேடிக்கைகளைத்தான் எழுத நினைத்தேன். ஹாஸ்டல் சாம்பார், மேட்னி ஷோ, பிராக்டிகல் தேர்வில் உடைந்துபோன பியூரெட் என்று எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இந்த முறை மனசு அதில் போகவில்லை. 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு, நான் வேதியியல் படித்தவன் என்று நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ள நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது.

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிற பகுதி. சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து படித்த நம்ம செட்டு ஆட்களுக்கு அது ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. அந்த ஜூன் 18, 19 தேதிகளில் அங்கே பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று படுக்கைகள் நிரம்பின. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. தாயையும் தகப்பனையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் உண்டு. அதற்கு முந்தின வருடம், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மாதிரி 20-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். இரண்டு தடவையும் கொன்றது மெத்தனால்.

நாம் எல்லாரும் லேப்பில் கையாண்ட பாட்டில்தான் அது. எத்தனாலுக்கு அயோடோஃபார்ம் சோதனையில் மஞ்சள் வீழ்படிவு வரும், மெத்தனாலுக்கு வராது. மெத்தனாலைச் சாலிசிலிக் அமிலத்தோடு கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால் வலித் தைலத்தின் வாசனை வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் நம் துறையை விட்டு ஒருத்தரும் வெளியே வந்ததில்லை. அப்படியென்றால் தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்துதான் அந்தச் சரக்கு தெரியாதவர்கள் பக்கம் போயிருக்கிறது. குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு விஞ்ஞானமும் அறமும். அதைப் பொதுப்படையாகப் பேச எனக்கு வராது. ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் 1948-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் அவர் ஆராய்ந்த இரண்டு பொருள்கள், கருணாபுரத்து நோயாளிகள் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் அந்த ராத்திரி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தன. எப்படி என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. சின்ன வயதில் படிப்பில் நாட்டமும் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடி, காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று கிளம்பிய பையன் அவர். வழியிலேயே பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு தடவை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது தடவைதான் தேறினார். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தது தாயார் வெங்கம்மா. அரியர் வைத்த நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்!

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்ததும் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. சேவைதான் நோக்கம் என்றால் டாக்டராகியும் செய்யலாமே என்ற சமாதானத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு அவர் வெளியேற நேர்ந்ததற்கு இதுவே காரணம் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இதற்கிடையில் அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றிய துக்கம் ஒன்று வந்தது. அவருடைய அண்ணன் தம்பி இருவர், எட்டே நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்ற கழிச்சல் நோயால் இறந்துபோனார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்து, ஆள் உருகிப்போகிற நோய் அது. அன்றைய மருத்துவத்தில் அதற்கு மருந்து இல்லை. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார். ஆங்கில மருத்துவம் படித்தவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேட்கை மட்டும் வளர்ந்தது.

1920-களின் தொடக்கத்தில், அறக்கட்டளை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் சேர்ந்து அவரை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் கைச்செலவுக்குக் காசு இல்லை. இரவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கிற வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஊரில் மனைவி சேஷகிரி கர்ப்பமாக இருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டது. தகப்பன் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சில வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர் கடைசிவரை நாடு திரும்பவும் இல்லை. அவரைத் தெய்வமாக்கி எழுதுவது சுலபம். அந்த ஆராய்ச்சிக்கான விலையில் ஒரு பெரிய பங்கை ஊரில் காத்திருந்த ஒரு பெண்மணியும் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நிறத்தை வைத்தே அளக்கிற முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற முறை இதுதான். அந்த அளவுகோல் கையில் இருந்ததால் தசைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. என்கிற அடினோசின் டிரைபாஸ்பேட். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். நாம் கை அசைப்பதும் கண் பார்ப்பதும் இதயம் துடிப்பதும் இந்த ஏ.டி.பி. என்ற சில்லறைக் காசைச் செலவழித்துத்தான். 1922-ல் நோபல் பரிசு வாங்கியிருந்த தசை பற்றிய கருத்தையே மாற்றி எழுத வைத்த வேலை இது.

ஆனால் அந்த வேலைக்கான பெயர் அவருக்கு வந்து சேரவில்லை. 1930-ல் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அந்த ஆய்வகத்தில் பயின்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடாததால், வருடங்கள் கழித்து வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவர் பதிவு செய்திருக்கிறார். விஞ்ஞானத்தில் அறம் என்றால் நமக்கு உடனே அணுகுண்டுதான் ஞாபகம் வரும். ஆய்வகத்துக்குள்ளே ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தர் பீரோவில் பூட்டி வைப்பதும் அறம் சம்பந்தப்பட்டதுதான். பூட்டி வைத்த உண்மையால் நஷ்டப்படுவது உழைத்தவன் மட்டுமல்ல, அதற்காகக் காத்திருக்கிற நோயாளியும்தான்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். அது ஒரு மருந்துக் கம்பெனி. பல்கலைக்கழகத்தை விட்டுக் கம்பெனிக்குப் போவது அன்றைக்குப் படியிறங்குவது மாதிரி. ஆனால் அவருக்கு வேண்டியது மருந்து. அங்கே விரைவிலேயே ஆராய்ச்சி இயக்குநரானார். அவர் கையில் எடுத்த முக்கியமான வேலை, ஈரலிலும் கீரையிலும் இருந்த ஒரு சத்தைத் தேடுவது. அந்தத் தேடலின் தொடக்கம் நம் நாட்டில்தான் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-ல் வெளியிட்டிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு, கீரை இலையிலிருந்து பிரித்தவர்கள் 1941-ல் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவும் தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு. 1946-ல் அதை அறிவித்த கட்டுரையில் 16 பேர் பெயர் இருக்கிறது. இயக்குநரின் பெயர் நடுவில் ஏழாவதாக, கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறது.

அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய் ஃபோலிக் அமிலத்துக்குக் கட்டுப்பட்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு தாமதம், ஆனாலும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்ந்திருப்பதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

அதோடு நிற்கவில்லை. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுக்கிறார்களே டி.இ.சி. மாத்திரை, அது 1947-ல் அவருடைய குழுவிலிருந்து வந்தது. ஓய்வு பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட எழுபது வயது தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை லெடர்லியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மண்ணிலிருந்து கண்டெடுத்த பூஞ்சை போன்ற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் வந்தது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தில் மூத்த பிள்ளை அதுதான்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு லெடர்லி தயாரித்த ஃபோலிக் அமிலக் கூட்டுப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. வேகமாக வளர்ந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தீங்கு செய்கிறது என்ற தகவலையே துப்பாக வைத்துக்கொண்டு, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்கிற பொருளைக் கேட்டார். சுப்பாராவின் குழு அமினாப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக இருக்கிறது. தற்காலிகமான தணிவுதான். ஆனாலும் ரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்று உலகம் முதன்முதலாகப் பார்த்தது. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது என்ற நியூரம்பர்க் நெறிமுறை 1947-ல்தான் வந்தது. குழந்தைகள் மீது நடந்த அந்தச் சோதனைகளை இன்றைய விதிகளை வைத்துப் பார்த்தால் கேள்விகள் எழத்தான் செய்யும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கெட்டது நடந்தபோது அது கணக்கில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதால்தான் அடுத்த குழந்தைக்கு நல்லது நடந்தது. என் அறிவுக்கு எட்டியவரை விஞ்ஞான அறத்தின் முதல் பாடம் இதுதான்: கணக்கை உள்ளது உள்ளபடி எழுதுவது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார் சுப்பாராவ். இந்திய அரசு அவருடைய நூற்றாண்டான 1995-ல் அஞ்சல்தலை வெளியிட்டது.

இனி, முதலில் சொன்ன வாக்குக்கு வருகிறேன். மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. ஏ.டி.பி. உற்பத்தி நின்றுபோகிறது. அதிகமான சக்தி வேண்டிய கண் நரம்பு முதலில் அணைகிறது. அதனால்தான் 10 மில்லி மெத்தனாலே கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம் என்கிறார்கள். இந்த அமிலத்தைக் கல்லீரல் கரியமில வாயுவாக மாற்றி வெளியேற்றுவதற்கு உதவி செய்வது எது தெரியுமா? ஃபோலிக் அமிலத்திலிருந்து உண்டாகிற ஃபோலேட். எலியின் ஈரலில் ஃபோலேட் நிறைய உண்டு, அதனால் எலி தாக்குப்பிடிக்கிறது. மனுஷனுக்குக் குறைவு. ஆகையால்தான் மெத்தனால் நச்சுக்கான சிகிச்சையில், எத்தனால் அல்லது ஃபோமிபிசோல் என்ற மாற்று மருந்தோடும் ரத்தச் சுத்திகரிப்போடும் சேர்த்து ஃபோலிக் அமிலம் அல்லது ஃபோலினிக் அமிலமும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

விஷம் அணைத்தது சுப்பாராவ் கண்டறிந்த ஏ.டி.பி.யை. விஷத்தைக் கழுவப் பார்த்தது அவர் தயாரித்துக் காட்டிய பொருளின் குடும்பம். ஒரே வேதியியல்தான், நண்பர்களே. ஒரு பக்கம், சகோதரர்கள் செத்த துக்கத்தை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டு தேடியவர். இன்னொரு பக்கம், பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போக வேண்டிய டிரம் எங்கே போகிறது என்று கேட்காத ஆள்.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றி எழுதும்போது என் கை கூசுகிறது. காரணம் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து நான் முதலில் வேலை பார்த்த ஓர் ஆலையில், மாசக் கடைசியில் கரைப்பான் கிடங்கின் இருப்பைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு மாசம் பதிவேட்டுக்கும் கிடங்குக்கும் ஒரு டிரம் வித்தியாசம் வந்தது. மேலே சொன்னேன். ஆவியாகிப்போன கணக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீல் வைத்த டிரம் முழுசாக ஆவியாகாது என்று எனக்குத் தெரியும். புதுசாகக் கல்யாணமாகியிருந்தது, வேலை முக்கியமாக இருந்தது. அந்த டிரம்மால் யாருக்கும் எதுவும் ஆகாமல் இருந்திருக்கலாம். கருணாபுரத்துச் செய்தி வந்த அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கையெழுத்துதான்.

நம் மாநிலத்தில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் 1959-ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிகள் உண்டு. உரிமம் உண்டு, பதிவேடு உண்டு. 2024-ல் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் பதிவேட்டில் எழுதுகிற கை பெரும்பாலும் நம்மைப் போல பி.எஸ்ஸி. வேதியியல் படித்த ஒருவருடையது. சட்டம் அந்தக் கைக்குப் பக்கத்தில் எப்போதும் நின்றுகொண்டிருக்க முடியாது. அங்கே நிற்கக் கூடியது மனசாட்சி மட்டும்தான்.

ஆகவே நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் லேப்புக்குள் நுழைகிற முதல் நாள், சல்ட் அனாலிசிசுக்கு முன்னால், கருணாபுரத்தைப் பற்றியும் சுப்பாராவைப் பற்றியும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்வோம். இரண்டாவது, ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கிற இளைய பழைய மாணவர் ஒருவர் கணக்கு ஒத்துவராத நேரத்தில் தனியாக நிற்கக் கூடாது. யோசனை கேட்கவும், வேலை போனால் வேறு வேலை தேடிக் கொடுக்கவும் மூத்தவர்கள் நாம் பின்னால் நிற்போம். அன்றைக்கு எனக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய லேப்பைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாருங்கள், அங்கே சந்திப்போம்.

– வேதியியல் துறையின் பழைய மாணவன் ஒருவன்